மாமாவின் சட்டைப்பையில் பத்துச் சீட்டு

2017 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை. விடிகாலை நாலரை மணிக்கே மாமா குளித்து முடித்து, சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாஸ்போர்ட். வளசரவாக்கத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டும், ஓட்டுப் போட. எந்தத் தேர்தல் என்று கேட்பீர்கள். பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதித் தேர்தல்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், சட்டப்படியான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றவர்கள் அப்படியே தொடர்ந்தார்கள். மாமா அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த இளைஞர். இப்படி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அத்தை போன பிறகு எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டார். ஆனால் ஓட்டை மட்டும் புதுச்சேரியிலிருந்து மாற்றிக்கொள்ளவில்லை. பழைய கூட்டாளிகளைப் பார்க்க அவருக்கு மிச்சம் இருந்த சாக்கு அது ஒன்றுதான்.

ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்கள் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. ஓட்டுப் போடும் இடம் புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சுத் துணைத் தூதரகம். அங்கே நான் உள்ளே போக முடியாது. நான் டீச்சர். நம்மூர்த் தேர்தல்களில் பூத் டியூட்டி பார்த்துப் பழக்கம். அதனால் வெளியே வந்தவரை ஒவ்வொன்றாகக் கேட்டேன். அங்கே இயந்திரம் கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சீட்டு, மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். சீட்டுகளையும் ஒரு உறையையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். வேண்டியவரின் சீட்டை உறையில் வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி இருக்கிற கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். விழுந்ததும் அங்கே இருப்பவர் 'ஆ வொத்தே' என்று சத்தமாகச் சொல்வாராம். வாக்களித்தார் என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது மாமா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

அந்த வருஷம் 11 பேர் போட்டி. யாருக்குப் போடுகிறார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதால் மாமா 11 சீட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒன்று உறைக்குள் போனது. மீதிப் பத்தும் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்தன. அன்று இரவு என் மகள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, செய்தித்தாளில் இருந்த வேட்பாளர் பட்டியலோடு சரிபார்த்தாள்.

"தாத்தா, மக்ரோன் மட்டும் இல்ல!"

"ஓட்டு ரகசியம்மா. எடுத்து வை" என்றார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

எனக்கு ஆச்சரியம். ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரே கட்சிக்காரர். பிரான்சில் மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று. எது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, அவர் விரும்ப மாட்டார். அப்படிப்பட்டவர் எழுபத்தேழு வயதில், ஒரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த கட்சிக்கு, அதுவரை ஒரு தேர்தலில்கூட நின்றிராத 39 வயதுக்காரருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஒரு வருஷத்துக்குள் எதைக் கண்டார்?

இரண்டு நாள் கழித்து, மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது கேட்டேன். அவர் சொன்ன பதிலில் மக்ரோன் பெயரே வரவில்லை. புதுச்சேரியில் அந்தக் கட்சிக்கென்று ஒருவர் இருந்தாராம். இவரைப் போலவே ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருக்கிறோம் என்று சான்று அனுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் காலையிலிருந்து கூட்டம் இருக்கும். விதவைகள், பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்கள், கண் தெரியாதவர்கள். எல்லாருக்கும் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுப்பார். பிரான்சிலிருந்து கடிதம் வந்தால் வாசித்துச் சொல்வார். 2006இல் அவர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கேட்டதற்கு, எதுவானாலும் மெயில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"கட்சின்னா எனக்கு அந்த மனுஷன்தாம்மா. அவர் போனப்புறமும் ரெண்டு தடவை போட்டேன், பழக்கத்துல. மூணாவது தடவை கை வரல."

இவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு எந்த நாட்டில் கட்சிக்கு வெளியே இருந்து ஒருவர் ஜனாதிபதி ஆனாலும், எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. ஓட்டு மாறியது 2017இல். மாமா கட்சியை விட்டுப் போனது, இல்லை, கட்சி மாமாவை விட்டுப் போனது 2006இல். நடுவில் பதினோரு வருஷம் யாருக்கும் தெரியாமல் அந்த வீடு காலியாகவே இருந்திருக்கிறது.

மொத்தக் கணக்கும் அப்படித்தான். 2012 முதல் சுற்றில் ஒலாந்தும் சார்க்கோசியும், அதாவது சோஷலிஸ்ட் கட்சியும் பழைய வலதுசாரிக் கட்சியும், சேர்ந்து நூற்றுக்கு 56 வாக்கு வாங்கியிருந்தார்கள். ஐந்து வருஷத்தில் சோஷலிஸ்ட் கட்சி 6 சதவீதத்துக்கு வந்தது. 2022இல் அதன் வேட்பாளருக்கு 1.75, வலதுசாரிக் கட்சி வேட்பாளருக்கு 4.78. இரண்டும் சேர்ந்து ஏழுகூட இல்லை. மக்ரோனின் பேச்சுத் திறமையோ, 2017இல் வலதுசாரி வேட்பாளராக இருந்த பிய்யோன் தன் மனைவிக்கு வேலை செய்யாமலே அரசுச் சம்பளம் வாங்கிக் கொடுத்தார் என்று 2017 ஜனவரியில் கிளம்பிய விவகாரமோ மட்டும் ஒரு நாட்டின் கட்சி அமைப்பை இப்படிச் சரித்துவிட முடியாது. உள்ளே ஏற்கெனவே செல்லரித்துப் போயிருந்த மரம். காற்று அடித்த நாளைத்தான் நாம் தேதி போட்டு எழுதிவைக்கிறோம்.

நம்மூர் டிவி விவாதங்களில் இதை 'புதுமுக மோகம்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. ஓட்டுப் போடுகிறவர்களை அவ்வளவு இளக்காரமாக நினைக்கிறவர்கள் ஒரு நாள் பூத்தில் வந்து உட்கார வேண்டும். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு டியூட்டி போட்டிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கைரேகை வைத்து, விரலில் மை வாங்கிய ஒரு அம்மா, மறைப்புக்குப் பின்னால் போய் நின்றவர், ரொம்ப நேரம் நின்றுகொண்டே இருந்தார். பீப் சத்தம் வரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டி, "டீச்சர், யாரும் வேணாம்னா எத அமுக்கணும்?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் கடைசி பட்டன் என்று பொதுவாகச் சொன்னேன். பிறகும் ஒரு நிமிஷம் ஆனது. எதை அமுக்கினார் என்று தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தில் மோகம் எங்கே இருந்தது? அந்த அம்மாவுக்கு ஒரு வலி இருந்தது.

நோட்டா நமக்கு 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. ஆனால் அந்த 'வேண்டாம்' முகமில்லாதது. எத்தனை பேர் அமுக்கினாலும் முடிவு மாறாது. ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நாடுகளில் அந்த 'வேண்டாம்' என்பதற்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. சட்டமன்றத்துக்குப் புதிதாக வருகிறவர் தமிழ்நாட்டில் 234 தொகுதிக்கும் ஆள் தேட வேண்டும், பூத்துக்கு ஒரு ஏஜெண்ட் வேண்டும், ஊருக்கு ஊர் கொடி கட்ட வேண்டும். ஜனாதிபதி தேர்தலுக்கு ஒரே ஒரு ஆள் போதும். கட்சிகளுக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் அந்த வாசலை நோக்கியே வருவதற்கு இது பெரிய காரணம்.

எங்கள் தெருக் கதையையும் சொல்ல வேண்டும். நான் சின்னவளாக இருந்தபோது வட்டச் செயலாளர் என்றால் டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்குப் பார்க்கலாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்க, முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத, எல்லாவற்றுக்கும் அவர்தான். காசு வாங்குவார் என்றும் சொல்வார்கள். ஆனால் கதவைத் தட்டினால் திறப்பார். 2015 டிசம்பரில் நாங்கள் ராமாபுரத்தில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். இரவோடு இரவாக இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டு வராந்தாவில் இரண்டு நாள். எங்களை இறக்கிக் கூட்டிப் போனது படகோடு வந்த மீனவர்களும், முகம் தெரியாத காலேஜ் பையன்களும்தான். வாழ்நாள் முழுக்க என் அப்பா கொடி பிடித்த கட்சியிலிருந்து, தண்ணீர் வடிந்து ஒன்பதாம் நாள், போட்டோக்காரரோடு ஒருவர் வந்தார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். 2016 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்த நகரத்தின் 200 வார்டிலும் ஒரு கவுன்சிலர் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்ல ஒரு ஆள் இல்லை. கட்சிகள் எல்லாம் இருந்தன. சுவரில், மேடையில், டிவியில். தெருவில் இல்லை.

2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததும், திமுக டெபாசிட் இழந்ததும் ஞாபகம் இருக்கும். அதை வெளியாள் ஜெயித்த கதை என்று சொல்ல மாட்டேன். அவர் அதிமுக வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். ஆனால் அதில் ஒன்று தெரிந்தது. பழைய சின்னம் என்பது பரம்பரைச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, வடசென்னை மக்கள் அது வாடகை வீடுதான் என்று காட்டினார்கள்.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். எனக்கு அதிகம் யோசனை கொடுத்தவை இரண்டு நாடுகள், பெருவும் எல் சால்வடோரும்.

1990இல் பெருவில் விலைவாசி ஒரே வருஷத்தில் எழுபது மடங்குக்கு மேல் ஏறியது. வாங்கிய கூலி நாளுக்கு நாள் கரையும் நிலைமை. ஒரு பக்கம் ஆயுதக் குழுக்களின் குண்டுவெடிப்பு. அந்தத் தேர்தலில் எல்லாரும் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்தது உலகறிந்த ஒரு நாவலாசிரியரை. அவரும் அரசியலுக்குப் புதியவர்தான். ஆனால் பழைய கட்சிகளைக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். மக்கள் கண்ணில் அத்தோடு அவரும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவராகிவிட்டார். அவரைத் தோற்கடித்தவர் அல்பெர்ட்டோ புஜிமோரி. ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் மகன், வேளாண் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், டிராக்டரில் ஏறி ஓட்டுக் கேட்டவர். நேர்மை, தொழில்நுட்பம், உழைப்பு என்ற மூன்று சொல்தான் அவருடைய கோஷம்.

இங்கே நாம் நின்று பார்க்க வேண்டும். அந்த மக்கள் ஏமாந்தவர்களா? கூலி கரைந்துகொண்டிருந்தபோது, கரைத்தவர்களின் கட்சியையே மறுபடியும் நம்பியிருக்க வேண்டுமா? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் டிராக்டர்காரருக்குத்தான் போட்டிருப்பேன். ஆனால் இரண்டே வருஷத்தில், 1992 ஏப்ரல் 5 அன்று, புஜிமோரி ராணுவத்தின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அதைவிட என்னை உறுத்துவது, மக்களில் பெரும்பாலோர் அதை ஆதரித்தார்கள். நாடாளுமன்றம் என்றால் பழைய கட்சிக்காரர்கள் உட்காரும் இடம், போனால் போகட்டும் என்ற மனநிலை. கடைசியில் 2009இல் மனித உரிமைக் குற்றங்களுக்காக அவருக்கு 25 வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எல் சால்வடோர் கதை நமக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும். பன்னிரண்டு வருஷ உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பும் இரண்டு கட்சிகளாகி, 1989 முதல் 2009 வரை ஒன்று, 2009 முதல் 2019 வரை மற்றொன்று என்று ஆண்டன. இரண்டு பக்கத்திலும் முன்னாள் ஜனாதிபதிகள் மீது ஊழல் வழக்கு. இரண்டின் ஆட்சியிலும் தெருக்கள் கொள்ளைக் கும்பல்களின் கையில். பேட்டையில் கடை வைத்திருப்பவர் கும்பலுக்கு மாமூல் கொடுக்காமல் ஷட்டரைத் தூக்க முடியாது. அங்கே நயீப் புகேலே வந்து, யாரும் திருடாவிட்டால் பணம் போதும் என்றார். இதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. 2019இல் முதல் சுற்றிலேயே 53 சதவீதம். அவரும் முழு வெளியாள் இல்லை. அந்த இரண்டில் ஒரு கட்சியின் மேயராக இருந்து 2017இல் வெளியேற்றப்பட்டவர்.

பிறகு 2022 மார்ச்சிலிருந்து நெருக்கடி நிலை. பல்லாயிரக்கணக்கானவர்கள் சிறையில். அரசியல் சாசனம் தொடர்ச்சியாக இரண்டாம் முறையைத் தடுத்திருந்தும் 2024இல் மறுபடி நின்று 80 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். இப்போது எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம் என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். மாமூல் இல்லாமல் ஷட்டரைத் தூக்குகிற கடைக்காரரிடம் போய் இது தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. விசாரணை இல்லாமல் மகனைச் சிறையில் விட்டிருக்கும் தாயிடம் போய் இது சரி என்று சொல்லவும் என்னால் முடியாது. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஏன் இப்படி மூன்றாம் ஆள் ஜனாதிபதி ஆவதில்லை என்று என் மகள் கேட்டாள். அவர்கள் திருப்தியாக இருப்பதால் இல்லை. 1992இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் டிவியில் சொந்தக் காசில் அரை மணி நேரம் வாங்கி, அட்டையில் வரைபடம் காட்டிப் பட்ஜெட் பற்றாக்குறையைப் பற்றிப் பேசியே கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஆனால் அங்கே ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் தேர்வாளர்கள். அந்தத் தேர்வாளர் வாக்கு அவருக்கு எத்தனை? பூஜ்யம். பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருகிறவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் எல்லாரும் என்பது விதி. இரண்டாம் சுற்றும் கிடையாது. அதனால் அங்கே கோபம் தனிக் கட்சியாக வளராமல், 2016இல் டிரம்ப் போல, பழைய கட்சிக்குள்ளேயே புகுந்து அதைக் கைப்பற்றுகிறது. விதி எங்கே சந்து விடுகிறதோ தண்ணீர் அங்கே போகிறது.

நம் ஜனாதிபதி தேர்தலில் நமக்கு ஓட்டே இல்லை. 2002இல் அப்துல் கலாம் நிறுத்தப்பட்டபோது அவர் இங்கே அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சென்னையில் அன்று இருந்த சந்தோஷம், ஏதோ நாமே கியூவில் நின்று போட்டது போல இருந்தது. ஆனால் அவரை நிறுத்தியதும் ஜெயிக்க வைத்ததும் கட்சிகள். பெரிய கட்சிகளின் துணையில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1997 இருக்கிறது. தேர்தல் ஆணையத்துக்கே பல் முளைக்க வைத்தவர் என்று நாடு கொண்டாடிய டி.என்.சேஷன், கே.ஆர்.நாராயணனின் ஒன்பதரை லட்சம் வாக்கு மதிப்புக்கு எதிரில் ஐம்பதாயிரம்தான் பெற்றார்.

எங்கள் மாடி வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வளசரவாக்கத்தில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு. 2024 செப்டம்பர் 22 அன்று ஞாயிறு முழுக்க எங்கள் ஹாலில் உட்கார்ந்து இலங்கை ஜனாதிபதி தேர்தல் முடிவைப் பார்த்தார். 2019இல் 3 சதவீதம் வாங்கிய அநுர குமார திசாநாயக்க 42 சதவீதத்தோடு முதலில் நின்றார். யாருக்கும் பாதி வரவில்லை என்பதால், அந்த நாட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள்.

"ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பேய்க்காட்டிப்போட்டாங்கள். இவனையும் ஒருக்காப் பாப்பம் எண்டு சனம் போட்டிருக்கு" என்றார் அக்கா. அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

அக்காவுக்கு அநுரவின் கட்சியான ஜேவிபியை மறக்க முடியாது. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006இல் தீர்ப்பு வாங்கியவர்கள் அவர்கள். அநுர புதியவரும் இல்லை. 2000இலிருந்து நாடாளுமன்றத்தில் இருந்தவர், கொஞ்ச காலம் அமைச்சராகவும் இருந்தவர். ஆனால் 2022இல் பெட்ரோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாள் கணக்காக வரிசையில் நின்ற சிங்கள மக்களுக்கு அவர் பந்தியில் உட்காராதவராகத் தெரிந்தார். அதோடு அவருக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்தன. புஜிமோரிக்கு இல்லாதது அது. வெறும் முகத்தை நம்பி வருகிறவருக்கும், தெருவில் ஆள் வைத்துக்கொண்டு வருகிறவருக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இங்கேதான்.

அக்காவின் தம்பி சாவகச்சேரியில் இருக்கிறார். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஜனாதிபதி தேர்தலில் அநுரவுக்கு நாலாவது இடம்தான். இரண்டே மாதத்தில், நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 6 இடங்களில் 3ஐப் பிடித்தது. அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சி மறுபடி முன்னுக்கு வந்தது. தம்பியும் அப்படியே மாறி மாறிப் போட்டிருக்கிறார். ஏன் என்று அக்கா போனில் கேட்டபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"திசைகாட்டிக்குப் போட்டது கோவத்தில அக்கா. எங்கட ஆக்கள் துண்டு துண்டா உடைஞ்சு, எலெக்சனுக்கு மட்டும் வருவாங்கள். வீட்டுக்குப் போட்டது கவலையில. பிறகு எங்களுக்கெண்டு கதைக்க ஆர் இருக்கினம்?"

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. கோபம் வந்தால் வெளியாள். பயம் வந்தால் பழைய வீடு. அந்த இரண்டுக்கும் நடுவில், கூப்பிட்டால் வருகிற ஒரு ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார். அக்கா போனை வைத்துவிட்டு, "எனக்கு இஞ்சையும் வோட் இல்லை, அங்கையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். இங்கே வந்து முப்பத்து நான்கு வருஷத்துக்கு மேல். இந்தத் தெருவில் எல்லாரையும்விட அதிகமாகத் தேர்தல் செய்தி படிக்கிறவர் அவர்.

மாமா கதைக்கு வருகிறேன். 2017இல் மக்ரோன் இரண்டாம் சுற்றில் 66 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதே சுற்றில் 40 லட்சம் பேர் வெற்று வாக்கோ செல்லாத வாக்கோ போட்டிருந்தார்கள். காலி உறையைப் பெட்டியில் போட்டால் அதை வெற்று வாக்கு என்று தனியாக எண்ணுவார்கள். அது அங்கே சட்டம். மறு வருஷம் நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் சாலையில் இறங்கினார்கள். மாமா டிவி 5 மோந்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதுவும் சொல்ல மாட்டார். புதுச்சேரித் திண்ணைக்குப் புதிதாக யாரும் வந்தார்களா என்று ஒரு தடவை கேட்டேன். மெயில் ஐடி மாறியிருக்கிறது என்றார்.

2022 ஏப்ரல் 10, முதல் சுற்று. 12 பேர் போட்டி, 11 சீட்டு வீடு வந்தது. இந்தத் தடவை மகளை எண்ணவிடவில்லை. நேராகத் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். "இப்ப அவரும் பழைய ஆளுதானே" என்று மட்டும் சொன்னார். ஏப்ரல் 24 அன்று இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது அவருக்கு 82 வயது, முழங்கால் வீக்கம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலரை மணிக்கே உட்கார்ந்துவிட்டார். மக்ரோன் ஜெயித்த செய்தி வந்தபோது தூங்கப் போயிருந்தார். அடுத்த வருஷம் தவறிப்போனார்.

இந்த வருஷம் போகிக்குப் பரணைக் காலி செய்தபோது ஒரு நீல பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே சீட்டுகள், தேர்தல் தேர்தலாக ரப்பர் பேண்ட் போட்டு, மேலே துண்டுக் காகிதத்தில் தேதி எழுதியபடி. 2017 முதல் சுற்று, பத்து. 2017 இரண்டாம் சுற்று, ஒன்றே ஒன்று, மரீன் லெ பென் பெயர் போட்டது. 2022 முதல் சுற்றுக் கட்டை மகள் பிரிக்கப் போனாள். அது தாத்தாவுடைய ரகசியம், இருக்கட்டும் என்றேன். கடைசிக் கட்டு மெல்லியதாக இருந்தது. ரப்பர் பேண்ட் இற்றுப்போய், தொட்டதும் அறுந்து அவள் கையில் விழுந்தது.

"அம்மா, ரெண்டும் இருக்கும்மா."

ஒன்றில் மக்ரோன், இன்னொன்றில் லெ பென். அந்த ஏப்ரல் வெயிலில், வீங்கிய காலோடு, நூற்றைம்பது கிலோமீட்டர் போய், அந்தக் கண்ணாடிப் பெட்டியில் மாமா காலி உறையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.